ஒரே ஒரு புலெத்தாசி

போட்டோவைக் கத்தரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, வெட்டி எடுத்தது நாத்தனாரை என்று.

தெலேசியாவின் மேல் தப்பில்லை. ஆக்லாந்தில் இருக்கும் மகள் லூசியா, புது வீட்டுச் சுவரில் மாட்ட அம்மா போட்டோ ஒன்று கேட்டிருந்தாள். அம்மா மட்டும், தனியாக. அப்படி ஒன்று வீட்டில் இல்லை. கடைசியாகத் தனியாக எடுத்தது பாஸ்போர்ட்டுக்கு. அதில் தேடப்படும் குற்றவாளி போல முறைத்துக்கொண்டிருந்தாள். சரி, குடும்பப் போட்டோவிலிருந்து வெட்டி அனுப்பலாம் என்று, மாமனாரின் இறுதிச் சடங்கில் எடுத்ததைக் கையில் எடுத்தாள். முப்பத்தொன்பது பெண்கள், நான்கு வரிசை. எல்லோருக்கும் ஒரே ஊதாத் துணி, ஒரே தையல், ஒரே கொண்டை. மூன்றாவது வரிசையில் இடமிருந்து ஐந்தாவது ஆள் தான்தான் என்று சத்தியமே செய்திருப்பாள்.

கணவர் ஃபிலிப்போ கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் துண்டைப் பார்த்தார்.

"இது எங்க அக்காவாச்சே."

"அகெனேசே அண்ணியா?"

"மூக்கப் பாரு. எங்கப்பா மூக்கு."

"அப்ப நான் எங்க?"

ஃபிலிப்போ ஓட்டை விழுந்த போட்டோவை வாங்கி வரிசை வரிசையாகத் தேடினார். நியாயமான மனிதர், பொறுமையாகத்தான் தேடினார். கடைசியில், "நீ சமையல்கட்டுல இருந்திருப்பே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

உண்மைதான். அன்றைக்கு அவள் கல்லடுப்புப் பக்கம் நின்று முன்னூறு பேருக்குச் சேப்பங்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இடம் அடுப்படி, அந்தக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இடம் நடுக்கூடம். இருபத்தாறு வருடமாக அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. ஆனால் தான் இல்லாத போட்டோவில் தன்னை அடையாளம் கண்டுபிடித்தது மட்டும் அவளைப் பிடித்து உலுக்கியது.

நாத்தனாரைப் பழைய இடத்திலேயே வைத்துப் பின்பக்கம் டேப் ஒட்டிவிட்டு, பெட்டியைத் திறந்தாள். உள்ளே முப்பத்தொரு புலெத்தாசி, மேல்சட்டையும் நீளப் பாவாடையுமாக மடித்து அடுக்கியிருந்தது. ஊதா, மாமனார் சாவுக்கு. மஞ்சளில் செம்பருத்தி, கோயில் கூரை மாற்றியதற்கு. மஞ்சளில் இலை, வெல்லிங்டன் உறவினர்கள் வந்ததற்கு. வெறும் மஞ்சள், பாடகர் குழுவுக்கு. இன்னொரு மஞ்சள் எதற்கு என்று நினைவில்லை; கறி சிந்திய கறையை வைத்துப் பார்த்தால் கல்யாணமாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளை. அது ஆண்டவர் விஷயம், கணக்கில் வராது. மற்றதெல்லாம் அகெனேசே தேர்ந்தெடுத்தது. குடும்பத்தில் ஒரு நிகழ்ச்சி என்றால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே துணி. துணியைத் தேர்ந்தெடுப்பது மூத்த மகள். மஞ்சள் அகெனேசேக்கு எடுப்பாக இருக்கும். தெலேசியாவுக்கு மஞ்சள் கட்டினால் பார்ப்பவர்கள் ஈரல் பற்றி விசாரிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் தெலேசியா தலைநகர் அபியாவில் ஒரு துணிக்கடையில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். கடைக்கு வரும் பெண்கள் முதலாளியை விட்டுவிட்டு அவளைத்தான் கேட்பார்கள், "எனக்கு எது நல்லாருக்கும்?" என்று. அவள் முகத்தைப் பார்ப்பாள், நடையைப் பார்ப்பாள், ஒரு துணியை உருவிப் போடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். அவளுடைய கருஞ்சிவப்பு உடுப்பைப் பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து பார்த்துவிட்டுத்தான் ஃபிலிப்போ தன் நிறுத்தத்தில் இறங்க மறந்தார். அந்தப் பெண் எங்கே போனாள் என்று நாற்பத்தொன்பது வயதில் பெட்டி முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். அழுகை வந்தது. கொஞ்சம் அழுதாள். பிறகு மறுநாள் காலை பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தாள்.

அபியா கடையில் அரை மணி நேரம் எதையும் தொடாமல் சுற்றினாள். பிறகு கை தானாகப் போய் ஒரு துணியைப் பிடித்தது. வறுத்த கோக்கோ நிறம். அதில் இரண்டு முழத்துக்கு ஒன்றாக, நீளத் தண்டோடு மிளகாய்ச் சிவப்பில் ஒரு தெயுயிலா பூ. விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள். தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு நடந்தாள். கண்ணாடியில் ஒருத்தி வந்து நின்றாள், பரிச்சயமானவளாகத்தான் தெரிந்தது.

"எத்தனை பேருக்கு ஆன்ட்டி?" என்றாள் கடைப்பெண்.

"ஒருத்திக்கு."

"ஒரு குடும்பத்துக்கா?"

"ஒரு ஆளுக்கு."

கடைப்பெண் வேறு எதுவும் கேட்காமல் வெட்டிக் கொடுத்தாள். நோயாளியிடம் பேசுவது போல அன்பாக இருந்தாள்.

ஊரில் தைப்பதற்கு மரேத்தாதான். ஒரு சாவு விழுந்தால் இரண்டு நாளில் நாற்பது உருப்படி தைத்துத் தள்ளுபவள். துணியைப் பிரித்துப் பார்த்தவள், வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள்.

"மிச்சம் எங்க?"

"இவ்வளவுதான் மரேத்தா. ஒண்ணு தைக்கணும்."

"ஒண்ணா? ஒண்ணுக்காக நூல் மாத்தச் சொல்றியா?"

தெலேசியா தாளில் வரைந்து கொண்டுவந்ததைக் காட்டினாள். கழுத்து சாய்வாக, இடது தோளில் பூ, தண்டு குறுக்காக இறங்கி வலது இடுப்பில் முடிய வேண்டும்.

மரேத்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. "ஓகோ. மத்தவங்களுக்குத் தைக்க மாதிரிக்கா?"

'எனக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. ஊரில் யாரும் தனக்கென்று தனியாக ஒரு நல்ல உடுப்பு தைத்துக்கொண்டதில்லை. கூச்சமாகிவிட்டது.

"ம்" என்றாள்.

"என்ன விசேஷம்?"

"விசேஷம்லாம் ஒண்ணுமில்ல."

மரேத்தா கண்ணைச் சிமிட்டினாள். ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள் என்றால் பெரிய விசேஷம் என்பது அவள் தொழில் அனுபவம்.

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் அகெனேசேயிடம் போய்விட்டது: உங்கள் குடும்பத்தில் ஏதோ நடக்கப்போகிறது, மாதிரி உடுப்புக்குத் தெலேசியா துணி கொடுத்துவிட்டாள். அகெனேசேக்கு இது பேரிடி. குடும்பத்தின் மூத்த மகளுக்குத் தெரியாமல் ஒரு விசேஷம். என்ன விசேஷம் என்று கேட்டால் தெரியாது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே கேட்கவில்லை. "தெரியுமே, நான்தான் அவகிட்ட சொன்னேன்" என்றாள். மறுநாள் முதல் பஸ்ஸில் அபியாவுக்குப் போய் அந்தத் துணியில் மிச்சமிருந்தது முழுவதையும் வாங்கி வந்தாள். குடும்பத்துப் பெண்களுக்கு ஆள் அனுப்பினாள். அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஒவ்வொருத்தியும் நினைத்து, தெரிந்தது போலவே தலையாட்டினாள். மூன்றாம் நாள் போதகருக்குச் சொல்லியாகிவிட்டது. நான்காம் நாள் இரண்டு பன்றிகள் பேசி முடித்தார்கள். வெல்லிங்டனிலிருந்து ஒருவர் டிக்கெட் விலை விசாரித்தார்.

தெலேசியாவுக்கு இதெல்லாம் தெரிந்தது தைத்ததை வாங்கப் போன அன்றுதான்.

"உன்னோடது இந்தா" என்றாள் மரேத்தா. "சனிக்கிழமை விசேஷத்துக்கு மத்த இருபத்தாறும் வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன்."

"எந்த இருபத்தாறு?"

மரேத்தா மூலையைக் காட்டினாள். அங்கே வறுத்த கோக்கோ நிறத்தில் ஒரு குன்று இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. கழுத்து சாய்வு சரியாக விழுந்திருந்தது, தண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது, இருபத்தாறு வருடம் கூனியே நின்ற முதுகு தானாக நிமிர்ந்தது. சனிக்கிழமை இதே துணியில் இருபத்தாறு பேர் நிற்பார்கள், அவள் அடுப்படியில் நிற்பாள். கோபம் வந்தது. அகெனேசேயின் மேல் அல்ல, அந்த 'ம்' மேல்.

ஃபிலிப்போ உள்ளே வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. பஸ்ல எறங்க மறந்துட்டேன்."

சனிக்கிழமை அகெனேசே வீட்டு நடுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பன்றிகள் கல்லடுப்பில் வெந்துகொண்டிருந்தன. போட்டோக்காரர் வந்து காத்திருந்தார். இருபத்தாறு பெண்களும் ஒரே துணியில் பாய்களில் உட்கார்ந்து, என்ன விசேஷம் என்று யார் முதலில் உளறுவார்கள் என்று காத்திருந்தார்கள். யாரும் உளறவில்லை. போதகர் எழுந்து வேதப்புத்தகத்தைத் திறந்து, அகெனேசே பக்கம் குனிந்தார்.

"எதுக்காக ஜெபிக்கணும்மா?"

அகெனேசே ஒரு கணம் கூடத் தடுமாறவில்லை. "அத தெலேசியா சொன்னாத்தான் முறை" என்றாள். "தெலேசியா! எங்க அவ?"

எல்லோரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். புது உடுப்பில் தெலேசியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காதோரம் கையகலத்துக்கு ஒரு சிவப்பு செம்பருத்தி வைத்திருந்தாள். கல்யாணமான புதிதில் வைத்தது, பிறகு விட்டுப்போனது. கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"விசேஷம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

போதகர் வேதப்புத்தகத்தில் விரலை வைத்து மூடினார்.

"மரேத்தா மாதிரிக்கான்னு கேட்டா. நான் ம்-ன்னுட்டேன். அது தப்பு. அது மாதிரிக்கு இல்ல. எனக்குத் தச்சது."

"உனக்குன்னா?" என்றாள் அகெனேசே.

"எனக்குன்னா எனக்குத்தான் அண்ணி. ஒரே ஒண்ணு."

"எதுக்கு?"

"போட்டுக்க."

அடுப்புப் பக்கம் இலை கருகும் வாசனை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா மஞ்சள்ல எடுத்துக் குடுத்திருப்பீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். அகெனேசேயின் முகம் கறுத்தது. எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். தெலேசியா மட்டும் குனியவில்லை. அவள் நாத்தனாரின் உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு உருப்படி அவசரத்தில் மரேத்தா துணியைப் போன போக்கில் வெட்டியிருந்தாள். ஒருத்திக்குப் பூ முதுகில் இருந்தது, ஒருத்திக்கு அக்குளில். இன்னொருத்திக்குத் தண்டு மட்டும் வந்திருந்தது.

"அண்ணி, உங்களுக்குப் பூ தலைகீழா இருக்கு."

அகெனேசே குனிந்து பார்த்தாள். "எனக்கு நேராத்தான் தெரியுது."

"குனிஞ்சு பாத்தா நேராத்தான் தெரியும். எதிர்ல நிக்கறவங்களுக்குத்தான் தலைகீழு. நெறமும் உங்களுக்கு எடுபடல. நிஜமாவே உங்களுக்கு மஞ்சள்தான் நல்லாருக்கு. எங்களுக்குத்தான் இல்ல."

இதுதான் இருபத்தாறு வருடத்தில் அவள் நாத்தனாரிடம் பேசிய மிக நீளமான பேச்சு. அகெனேசே தன் உடுப்பைப் பார்த்தாள், சுற்றி இருந்த இருபத்தைந்தைப் பார்த்தாள், கடைசியாகத் தெலேசியாவைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டுதான் பார்த்தாள். துணி விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாத பெண்மணி அவள். பொய் சொல்லவும் இல்லை.

"உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள், யாரோ அவள் பல்லைப் பிடுங்கியது போல.

போதகர் நல்ல துணிக்காகவும், அதைத் தேர்ந்தெடுத்த கைக்காகவும், காரணத்தை ஆண்டவரே அறிந்த இந்த நாளுக்காகவும் நன்றி சொன்னார். பன்றிகள் ஏற்கெனவே வெந்துவிட்டதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

போட்டோக்காரர் வரிசை கட்டச் சொன்னதும் தெலேசியாவின் கால்கள் பழக்கத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பின.

"எங்க போற?" என்றாள் அகெனேசே.

"கெழங்கு எடுக்கணும் அண்ணி."

"கெழங்க வேற யாராவது எடுப்பாங்க. வந்து நடுவுல நில்லு. எங்கள இப்படி நிக்க வெச்சவ நீ, நீ மட்டும் தப்பிச்சுப் போகலாம்னு பாக்கறியா?"

அடுத்த வாரம் போட்டோ வந்தது. இருபத்தேழு பெண்கள், மூன்று வரிசை, ஒரே துணி. ஃபிலிப்போ கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி கிடைக்கும் முன்பே விரலை வைத்துவிட்டார்.

"இதோ நீ." பிறகு இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். "வெட்டித் தரவா?"

"வேண்டாம். முழுசா அனுப்புங்க."

"இத்தன பேர்ல லூசியா உன்னத் தேடணுமே."

தெலேசியா போட்டோவை வாங்கி உறைக்குள் போட்டாள்.

"தேட வேண்டியிருக்காது" என்றாள்.