ஏன் குதிக்கிறது படகு

"மோட்டார்ல யார்றா கை வெச்சது?"

மனைவியை எரித்துவிட்டு அக்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த படகுக்காரர், பின்னால் உட்கார்ந்திருந்த மச்சினனை முறைத்தார். படகு தவளை மாதிரி தத்தித் தத்திக் குதித்தது.

"நான் தொடவே இல்ல மாமா."

"நேத்து பூரா சாவி உங்கிட்டதான இருந்துச்சு? அக்கா கண்ண மூடினதும் படகு மேல கண்ணு வெச்சுட்டியா?"

மச்சினன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

காலையில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து ஏறியபோது நன்றாகத்தான் ஓடியது. அவர்கள் அக்கரையிலிருந்தே ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது என்ன கேடு? துக்கத்தை மீறி அதுதான் படகுக்காரரின் மண்டையைக் குடைந்தது. வேகத்தைக் குறைத்தார், குதிப்பு நின்றது. கூட்டினார், மறுபடி ஆரம்பித்தது. மோட்டாரை அணைத்துத் தூக்கி, புரொப்பல்லரைத் தடவிப் பார்த்தார். பாசியும் இல்லை, வளைவும் இல்லை. மீண்டும் கிளப்பி, மோட்டாரின் சாய்வை மாற்றும் ட்ரிம் பட்டனை அமுக்கி, தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரின் காலைப் படகைவிட்டுச் சற்று வெளியே தள்ளினார். படகின் மூக்கு இன்னும் நிமிர்ந்து தொப்பென்று விழுந்தது. பழைய அளவுக்கே கொண்டுவந்தார். அந்த அளவு மாறியதே இல்லை, கட்டைவிரலுக்கு மனப்பாடம்.

"இடுப்பு கழண்டுடும் போல இருக்கு மாமா." மச்சினன் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், மூக்கோரப் பலகையில் உட்கார்ந்தான்.

குதிப்பு நின்றது. தண்ணீரை வழித்துக்கொண்டு போனது படகு.

"பாத்தீங்களா! மோட்டார் நல்லாத்தான இருக்கு? என்னையப் போயி..."

படகுக்காரர் அந்தப் பலகையையே பார்த்தார். படகு வாங்கிய நாள்முதல், கட்டுக் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்காரும் இடம். அவள் கனத்தையும் சேர்த்துத்தான் கட்டைவிரல் அந்த அளவைப் படித்திருந்தது.

"எந்திரிச்சு வா."

"ஏன் மாமா? இங்க உக்காந்தாத்தான் குதிக்கல."

"பின்னாடி வாடான்னா!"

வந்தான். படகு மறுபடி குதித்தது. படகுக்காரர் பட்டனின் கீழ்ப்பக்கத்தை அமுக்கினார், விரலை எடுக்கவில்லை. மோட்டாரின் கால் உள்ளே வர வர, மூக்கு தணிந்தது. ஸ்டியரிங் கையில் கனத்தது. குதிப்பு அடங்கியது. தணிந்த மூக்கில் மோதிய தண்ணீர் பலகை மேல் தெறித்தது.

மச்சினன் துண்டை உருவிக்கொண்டு துடைக்க எழுந்தான். படகுக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

கரை வரும்வரை பலகை நனைந்துகொண்டே வந்தது.