கல் கிடந்த இடம்

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. அதனால் திருவையாற்றில் மண்டப வாடகை பாதிக்குப் பாதி இறங்கிவிடும். காவிரிக்கரை வரலாற்றுக் கழகம் வருஷா வருஷம் ஆடியில் பொதுக்குழு கூட்டுவதற்கு இதைத் தவிர வேறு வரலாற்றுக் காரணம் எதுவும் இல்லை. ஆனியில் நடந்த கடைசிக் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரங்கள் வாசலில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைத் தாண்டி உள்ளே வந்த ராஜாத்தி, ஃபேனுக்கு நேர்கீழே இருந்த நாற்காலிகளையெல்லாம் பெரிய மனுஷர்கள் பிடித்துவிட்டதைப் பார்த்து, ஓரமாக ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

குறுவை வயலில் களையெடுக்க ஆள் இறங்கியிருந்த நாள் அது. “கழகமாவது கத்தரிக்காயாவது. பேசிப் பேசியே பொழுத ஓட்டுவாங்க, பாத்துக்க” என்று சொல்லித்தான் புருஷன் பஞ்சநதம் அவளை பஸ் ஏற்றிவிட்டிருந்தார். அவள் கேட்க வந்தது பெரிய சமாச்சாரமும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கழகத்துக்காரர்கள் ராஜாத்தியின் ஊருக்கு வந்தார்கள். வருஷத்துக்கு நாலைந்து ஊர் என்று கணக்கு வைத்துக்கொண்டு, பழங்கல் ஏதாவது கிடக்கிறதா என்று தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு போவது அவர்கள் வேலை. செயலாளர் ஆனந்தம் டீச்சர், காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், தண்ணீர் கேட்டு ராஜாத்தி வீட்டுக் கொல்லைக்கு வந்தவர், துணி துவைக்கிற கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நாலு பேர் சேர்ந்து புரட்டிப் போட்டால் அடிப்பக்கம் முழுக்க எழுத்து. டீச்சர் அழுதேவிட்டார். சோப்புக் கையோடு நின்ற ராஜாத்தியைக் கட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட மனுஷிக்குப் பச்சைத் தண்ணியா கொடுப்பது என்று ராஜாத்தி காபி போட்டு, மெதுவடை சுட்டு, வந்த அத்தனை பேருக்கும் இலை போட்டாள். அப்போதே சொல்லவும் செய்தாள்: “இது எங்க மாமனாரு ஆத்துப் படித்துறை வெள்ளத்துல இடிஞ்சப்ப வண்டியில ஏத்திக்கிட்டு வந்தது டீச்சர்.” டீச்சர் தலையை ஆட்டினார். கல்லைக் கேட்டபோது ராஜாத்தி எடுத்துக்கொண்டு போங்கள் என்று கொடுத்தும்விட்டாள்.

கல்லில் இருந்த சேதி இதுதான்: எந்தக் காலத்திலோ ஒரு அம்மாள், ஊர்க் கோயிலில் அணையாமல் விளக்கெரிய நிலம் எழுதிவைத்திருக்கிறாள். ‘இந்தக் கல் நட்ட நிலம்’ என்று கல்லே சொல்லியது. கழகம் தன் ஆண்டு மலரில் அதை அச்சடித்தது. கல்லைக் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதும், கல் கிடந்த இடத்தைக் கதவு எண்ணோடு போடுவதும் அவர்கள் வழக்கம். ‘திருமதி இராஜாத்தி பஞ்சநதம் அவர்கள் வீட்டுக் கொல்லையில் கிடைத்தது’ என்று தெரு, ஊர் எல்லாம் சுத்தமாகப் போட்டார்கள். வண்டியும் மாமனாரும் படித்துறையும் மலரில் ஏறவில்லை.

அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத்தான் கோயில் தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். கல் நட்ட நிலம் கோயில் நிலம். கல் கிடந்தது இந்தத் தெருவில். ஆகவே தெரு முழுக்க ஆக்கிரமிப்பு. மூன்று தலைமுறையாக வீட்டுவரி கட்டிய ரசீது எல்லா வீட்டிலும் இருந்தது, பட்டா ஒருத்தரிடமும் இல்லை. அதன்பிறகு தெருவில் ராஜாத்தியோடு முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லாமல் போயிற்று. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தினார்கள். “ஊருக்கெல்லாம் வடை சுட்டுப் போட்டால்ல, இப்ப நம்ம வீட்ட எடுத்துப் போடுறா” என்று எதிர்வீட்டுக்காரி காதில் விழும்படியே சொன்னாள். அவள் சொன்னதில் என்ன தப்பு என்று ராஜாத்திக்கே ராத்திரிகளில் தோன்றியது.

நோட்டீஸின்மேல் விசாரணை நடத்திய அதிகாரி நல்ல மாதிரியான பெண். “கல்லு வேற எடத்துலேர்ந்து வந்துச்சுன்னு புக்கு போட்டவங்களே தீர்மானம் போட்டுக் குடுத்தா நான் பாக்குறேம்மா. நீங்க வாயால சொல்றத நான் எழுதிக்க முடியாது” என்று சொல்லியிருந்தாள். கடைசி விசாரணை நாளைத் திங்கட்கிழமை. கழகத்தின் பொதுக்குழு இன்றைக்கு. ஆனந்தம் டீச்சரிடம் போனில் சொன்னதும், “என் தப்புதான் ராஜாத்தி. நானே தீர்மானத்தைக் கொண்டுவரேன்” என்று உடனே ஒப்புக்கொண்டார். அந்த நம்பிக்கையில்தான் அவள் வந்திருந்தாள்.

கூட்டம் தொடங்கியது. போன வருஷத்து நடவடிக்கைகளை வாசித்தார்கள். அதில் ஒரு கமா தப்பாக இருப்பதாக ஒருவர் எழுந்து சொல்ல, அது திருத்தப்பட்டது. ஒரு கமாவைத் திருத்த இவர்களுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ராஜாத்தி தன் ஒரு வரியை நினைத்துக்கொண்டாள். பிறகு ஆண்டறிக்கை. எத்தனை ஊர் போனோம், எந்தப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தோம், தரங்கம்பாடிக்கு மாணவர்களை அழைத்துப்போன பஸ்ஸில் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள் என்பதுவரை வந்தது. பொருளாளர் தௌபீக், அதிராம்பட்டினத்துக்காரர், கணக்கை வாசித்தார். சந்தா வசூல் பாதிதான். அச்சகத்துக்குப் பாக்கி. ஓர் அறக்கட்டளை கொடுத்த மானியத்தில் கல்லுக்கென்று கட்டத் தொடங்கிய அறை தூண் மட்டத்தில் நிற்கிறது. மீதித் தவணை வந்தால்தான் கூரை.

“அடுத்ததாக” என்று மைக்கில் சொன்ன ஆனந்தம் டீச்சர், “நம் கழகத்தின் பெருமைக்குக் காரணமான ஒருவரை மேடைக்கு அழைக்கிறேன்” என்றார். ராஜாத்தி பெயரைச் சொன்னார்.

இது அவளிடம் யாரும் சொல்லாத விஷயம். மேடையேறினாள். தலைவர் சந்தானகிருஷ்ணன், பெரிய இஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர், அவளைவிட இரண்டு மடங்கு உயரம், குனிந்து சால்வை போர்த்தினார். கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரத்தை டீச்சர் வாசித்தார்: “தம் வீட்டுக் கொல்லையில் கண்டெடுத்த அரிய கல்வெட்டை இந்நாட்டுக்கு ஈந்த...”

“டீச்சர், கொல்லையிலன்னு போட்டிருக்கே” என்று ராஜாத்தி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“இது மரியாதைக்கு ராஜாத்தி. தீர்மானம் தனியா வருது. இவங்க மனசு இளகட்டும்னுதான் இத முன்னாடி வெச்சேன்” என்று டீச்சர் அவள் காதோடு சொன்னார். அந்த முகத்தில் கள்ளம் துளிக்கூட இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் கொல்லையில் அழுத அதே முகம். போட்டோக்காரர் “இங்க பாருங்கம்மா, பத்திரத்தக் கொஞ்சம் மேல தூக்குங்க” என்றார். தூக்கினாள். சிரிக்கச் சொன்னார். நாலு பேர் கைதட்டுகிற இடத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. சிரித்தாள்.

அவளுடைய விஷயம் நிகழ்ச்சி நிரலில் ‘இதர’ என்ற கடைசி வரியில், சாப்பாட்டுக்கு அப்புறம் இருந்தது. சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம் என்று சாப்பாட்டில் மட்டும் கழகம் வறுமை காட்டவில்லை. பந்தியில் தௌபீக் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா. கல்லு இந்த எடத்துல கெடச்சதுன்னு எழுதித்தான் மானியமே வாங்கினோம். எடம் தப்புன்னு தீர்மானம் போட்டா மீதிப் பணம் வராது. வாங்கினதையும் திருப்பிக் கேப்பாங்க. கழகத்த மூட வேண்டியதுதான்.”

“அப்ப செய்ய மாட்டீங்களா?”

“நான் கை தூக்குவேன். வீடு போறதவிட கழகம் போறது பெருசில்ல. மத்தவங்களச் சொல்ல முடியாது” என்றார்.

கை தூக்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, காறித் துப்பிவிட்டு வந்திருக்கலாம். அவர்கள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு கும்பல் போயிற்று. போகிறபோது ராஜாத்தியைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். தௌபீக் வாசல்வரை ஓடி ஓடி மறித்துப் பார்த்தார். ஆனந்தம் டீச்சர் மைக்கில் “தயவுசெய்து அமருங்கள், தயவுசெய்து” என்று காலி நாற்காலிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைவர் எழுந்து மிச்சமிருந்த தலைகளை எண்ணினார். தீர்மானம் போட விதிப்படி முப்பது உறுப்பினர் வேண்டும். இரண்டு பேர் குறைந்தது.

“நான் இருக்கேனே சார்” என்றாள் ராஜாத்தி.

“நீங்க உறுப்பினர் இல்லையேம்மா.”

“சந்தா எவ்வளவுன்னு சொல்லுங்க, இப்பவே கட்டிடுறேன். என் வீட்டுக்காரர் பேருக்கும் சேத்துக் கட்டுறேன்.”

“கட்டலாம். அத செயற்குழு ஏத்துக்கணும், அப்புறம் பொதுக்குழு ஏத்துக்கணும்” என்றார் சந்தானகிருஷ்ணன். கெட்ட மனுஷர் இல்லை. அணையில் நீர்மட்டம் சொல்கிற மாதிரி சொன்னார். “இந்த விஷயத்த அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளி வெக்கிறோம். வருத்தப்படாதீங்க, மொதல் விஷயமாவே வெச்சுடலாம்.”

“அடுத்தது எப்ப சார்?”

“வர்ற ஆடிக்குத்தான்” என்றார் அவர்.

திங்கட்கிழமை விசாரணைக்கு ஆனந்தம் டீச்சர் தானாகவே வந்தார். தீர்மானம் இல்லாவிட்டால் என்ன, நான் வாயால் சொல்கிறேன், எழுதினவள் நான்தானே என்று வீறாப்பாகத்தான் வந்தார். சொல்லவும் சொன்னார். கல் படித்துறையிலிருந்து வண்டியில் வந்தது, இந்த அம்மாள் அன்றைக்கே என்னிடம் சொன்னாள், எழுதாமல் விட்டது என் பிழை என்று நடுங்காமல் சொன்னார். அதிகாரி பேனாவை எடுத்தாள். ராஜாத்தி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

கோயில் தரப்பு வக்கீல் சத்தம் போடவில்லை, வாதாடவும் இல்லை. தன் போனை மேஜைமேல் வைத்துத் தள்ளினார். கழகத்தின் ஃபேஸ்புக் பக்கம். சால்வையோடு ராஜாத்தி, கையில் பத்திரம், எழுத்து எழுத்தாகப் படிக்கிற மாதிரி தெளிவான படம்.

“இது எப்ப எடுத்ததுங்க?”

“நேத்து” என்றார் டீச்சர்.

“பத்திரத்துல இருக்கறத எழுதினது யாரு?”

“நான்தான். மலர்ல இருந்த வாசகத்த அப்படியே... அது ஒரு மரியாதைக்காக...” என்று இழுத்தார் டீச்சர்.

“நேத்து மத்தியானம்வரைக்கும் கொல்லையில கெடந்த கல்லு, இன்னிக்குக் காலையில ஆத்துலேர்ந்து வந்துடுச்சு” என்றார் வக்கீல்.

அதிகாரி படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ராஜாத்தியைப் பார்த்தாள். “இது நீங்கதானேம்மா?”

“நான்தாங்க.”

“சிரிக்கிறீங்களேம்மா” என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

தை அறுப்பு முடிந்ததும் தெருவை இடித்தார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். போகும்போதும் எதிர்வீட்டுக்காரி அவளிடம் பேசவில்லை. ராஜாத்தியும் பஞ்சநதமும் பக்கத்து ஊரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார்கள். பஞ்சநதம் அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சால்வையை அவள் வெளியில் எடுக்கவே இல்லை.

அடுத்த ஆடியில் நடவுக்குப் போகிற வழியில் ஒருநாள் பழைய தெரு இருந்த இடத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. முள்வேலி போட்டிருந்தார்கள். உள்ளே செங்கல் தூளும் எருக்கஞ்செடியும்தான். அவள் கொல்லை இருந்த இடத்தில் மட்டும் புதிதாகச் சிமெண்டு போட்டு ஒரு பலகை நட்டிருந்தது. நீலப் பலகை, வெள்ளை எழுத்து. வேலிக்கு வெளியே நின்றபடியே வாசித்தாள்.

‘அரிய கல்வெட்டு கிடைத்த இடம். திருமதி இராஜாத்தி பஞ்சநதம் அவர்கள் இல்லக் கொல்லை. நன்றியுடன், காவிரிக்கரை வரலாற்றுக் கழகம்.’

அங்கே நின்றபடியே டீச்சருக்குப் போன் போட்டாள். குரலைக் கேட்டதுமே டீச்சர் அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் தூக்கம் போய்விட்டது, மாத்திரை போட்டுக்கொள்கிறேன், உங்கள் பெயராவது அந்த மண்ணில் நிற்கட்டும் என்றுதான் என் கைக்காசைப் போட்டு வைத்தேன் என்று விக்கி விக்கிச் சொன்னார். ராஜாத்தி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“டீச்சர், நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல. அந்த போர்டுல என் பேர மட்டும் அழிச்சிடுங்க. ரோட்டுல போறவங்க படிக்கிறாங்க.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“கண்டிப்பா ராஜாத்தி, கண்டிப்பா. வர்ற ஞாயித்துக்கெழமை பொதுக்குழுவுல வெக்கிறேன்” என்றார் டீச்சர்.

ராஜாத்தி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். நடவுக்காரர்கள் வரப்பில் காத்திருந்தார்கள். குனிந்து வேலியோரத்துச் சேற்றை ஒரு கை அள்ளினாள். கம்பிக்கு இடையில் கையை விட்டுப் பார்த்தாள், பலகை எட்டவில்லை.