தலையசைக்காமல் விழுந்த அடி

2025 ஜூலை 9, புதன்

நேற்று நான் எழுதிக்கொடுத்த சண்டைக் குறிப்பில் ஒரு சிறு தவறு. கடைசி அடிக்குக் கைதட்ட வேண்டியவன் ஜேசன். லோகநாதன் என்று எழுதிவிட்டேன்.

மேடையில் அடிப்பவன் கையை வீசினால் போதும். சத்தம் எழுப்புவது அடி வாங்குகிறவனுடைய வேலை. இடுப்புக்கருகே யாருக்கும் தெரியாமல் கைதட்டுவான். அதற்கும் முன்னால் அவன் அடிப்பவனின் கண்ணைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். அசைக்காவிட்டால் அடி கிடையாது. மாலை நேர நடிப்பு வகுப்பில் சார் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் சார்பில் நான் இயக்கும் முதல் நாடகம். பீர்க்கன்கரணை ஏரியோரம் ஒரு வீட்டைப் பிரித்துக்கொள்ளும் அண்ணன் தம்பி கதை. அண்ணனாக லோகநாதன், தம்பியாக ஜேசன், தங்கையாக அபிகாயில். கடைசியில் வரும் சண்டைதான் நாடகத்தின் உயிர். அது மட்டும் இத்தனை நாளாக ஒப்புக்கு நடந்துகொண்டிருந்தது.

இன்று லோகநாதன் குறிப்பில் உள்ளபடியே செய்தார். இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே, வலது கையிலிருந்த தடியை வீசினார். காகிதத்தைச் சுருட்டி டேப் ஒட்டிய தடிதான். கவனம் தொடைக்குப் போனதால் தடி ஜேசனின் காதில் இறங்கியது.

"யோவ்! காதுக்குள்ள எலக்ட்ரிக் ட்ரெயின் ஓடுதுய்யா!"

"பேப்பர்ல அப்டித்தான் கீது மச்சான். டைரக்டரைக் கேளு."

ஜேசன் கேட்கவில்லை. லோகநாதனின் வயிற்றில் முட்டியால் குத்தினான். இருவரும் கட்டிப் புரண்டு சுவர்வரை போனார்கள். ஜேசனின் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அபிகாயில்தான் ஓடிவந்தாள்.

"பிரணவ், மரம் மாதிரி நிக்கறே? போதும்னு சொல்லுப்பா!"

நான் சொல்லவில்லை. என் நாடகம் முதல் முறையாக மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இருவரும் ஒரே கிளாஸில் டீயைப் பங்கிட்டுக் குடித்துச் சிரித்தார்கள். நான் கீழே கிடந்த தடியை எடுத்து வீசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்தேன் என்று எழுதினால் அது பொய்.

ஜூலை 10, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

திருத்திய குறிப்பைக் கொடுத்தேன். தலையசைப்பு, வீச்சு, கைதட்டல் எல்லாம் சரியாக நடந்தன. பள்ளி ஆண்டு விழாக் கோலாட்டம் மாதிரி இருந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் கோலாட்டம்.

"நேத்து மாதிரி வேணும்ணா," என்றேன். லோகநாதன் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரகடத்தில் ஷிப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வருகிறவர்.

"நேத்து வுட்டது நெஜ அடி. உனக்கு இன்னா வேணும் டைரக்டரே, நடிப்பா, அடியா?"

"தலையசைக்கறதை விட்டுடலாம். எப்ப அடி வரும்னு ஜேசனுக்கே தெரியக்கூடாது."

"நான் மாட்டேன்பா," என்றார் லோகநாதன்.

ஜேசன் வீங்கிய உதட்டைத் தொட்டுக்கொண்டு, "என் மூஞ்சி என்ன தண்டோராவா மச்சான்?" என்றான். அபிகாயில் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று தோன்றியது.

ஜேசனை விலக்கிவிட்டு அவன் இடத்தில் நான் நின்றேன். "என்னை அடிங்க."

"தலைய ஆட்டு."

"ஆட்ட மாட்டேன். அடிங்க."

அவர் தடியைத் தாழ்த்தினார். நான் அவர் கன்னத்தில் அறைந்தேன். கோபம் வந்தால் காட்சி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. இன்னொரு அறை. அவர் கண் கலங்கியது.

"வேணாம்பா பிரணவ்."

மூன்றாவது முறை கையை ஓங்கியபோது தடியால் தடுத்தார். தடி என் கழுத்தில் பட்டது. வலிக்கக்கூட இல்லை.

இதற்குப் பிறகு வரிசை கலைந்துவிடுகிறது. அவரைக் கீழே தள்ளி மார்பில் முட்டியை ஊன்றியிருந்தேன். வாயில் குத்தினேன். அவர் பல் என் விரல் முட்டியைக் கிழித்தது. நிறுத்தாமல் குத்தினேன். ஒரு இரும்பு மடக்கு நாற்காலி என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. முகத்தை மறைத்திருந்த அவர் கையின்மேல் அதை இறக்கினேன். பச்சைக் குச்சி ஒடிவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கினேன். அப்போதும் மனத்தின் ஒரு மூலையில், இதுதான், இப்படித்தான் வேண்டும் என்று காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

ஜேசன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, சுவரில் மோதினான். அபிகாயில் ஒரு பாட்டில் தண்ணீரை என் முகத்தில் வீசினாள். "அவர் ஒரு அடியும் அடிக்கலியேடா!" என்று கத்தினாள்.

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் உடைந்திருந்தன. மாவுக்கட்டு போட்டார்கள். உதட்டுக்குத் தையல். லோகநாதன் கான்ட்ராக்ட் ஆள். ஒரகடத்துக் கம்பெனியில் கையால்தான் வேலை.

"பஸ்லேர்ந்து வுழுந்துட்டேன்னு சொல்லிடுண்ணா," என்றான் ஜேசன்.

"வுழுந்தேன்னா லீவு போட்டுக் குடிச்சிட்டு வுழுந்தான்னு சூப்பர்வைசர் கார்டைக் கிழிச்சு வேலைய வுட்டுத் தூக்கிடுவான். நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அடிச்சவன் வந்து சொல்லட்டும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கி நிறுத்தினார். "இப்ப வேணாம். அங்க கம்பெனிக்கு வந்து சொல்லு."

வெளியே வந்ததும், அண்ணன் வேடத்தை நானே போட்டால் ஞாயிறு சமாளிக்கலாமா என்று ஜேசனிடம் கேட்டேன். அப்படிக் கேட்க எனக்கு வாய் வந்தது.

"உன்கூட நான் மேடை ஏற மாட்டேன்," என்றான். மச்சான் என்று சொல்லவில்லை. அபிகாயில் அதற்குள் சிட்லபாக்கம் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நாளை காலை முதல் பஸ்ஸில் லோகநாதன் குடியிருக்கும் படப்பைக்குப் போக வேண்டும். அவரோடு ஒரகடம் கம்பெனி கேட் வரை போய், விரல்களை உடைத்தது நான்தான் என்று சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது, ஞாயிற்றுக்கிழமை நாடகம் இல்லை என்று சாரிடம் சொல்லி, ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.