கருங்கலத்தின் வாயில் ஒரு பொட்டு

மேலைக்கடலின் ஈரக்காற்று சங்குமுகத்தில் கரையேறி, கோட்டை மதிலைத் தழுவி, பழவங்காடிப் பிள்ளையார் முன் உடைந்த தேங்காய்களின் மணத்தை அள்ளிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையும் காலைப்பொழுது. ஆயுதபூசை முடிந்து, கடைதோறும் தராசுகளும் வெட்டுக்கத்திகளும் சந்தனப் பொட்டோடு பொலிந்தன. அன்பரே, அத்தகைய மங்கலக் காலையில், அந்நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், ஸ்ரீவராகத்துப் பெண் ஜானவி தன் கருங்கலத்தின்முன் கலங்கி நின்றாள்.

கருங்கலமாவது, உள்ளே கரிபூசி, சிறுவாய் ஒன்று மட்டும் திறந்த குடுவை. சூடேற்றினால், அவ்வாய்வழி வரும் ஒளி கலத்தின் வெப்பத்தையன்றி வேறெதையும் சொல்லாது. கடலில் தவறி விழுந்த மீனவரை உடற்சூட்டால் கண்டறியும் வெப்பக்கண் ஒன்றை இவ்வொளி காட்டியே பழக்கவேண்டும். கலத்தைச் சோதிக்க மாலையில் வரும் தேர்வாளர் அதை ஒப்பாவிடில், இம்மழைக்காலமும் அக்கண் இன்றியே கழியும். ஆனால் அவ்வொளியை அளந்து வரைந்த, சீராக ஏறி இறங்கவேண்டிய கோட்டில் ஓரிடத்தில் பள்ளம் விழுந்திருந்தது.

அங்கே கருவிகளைப் பேணும் ஊழியர் தளவாய்க்கு அவள் வாட்டம் பொறுக்கவில்லை. "மேடம், அந்தப் பள்ளத்த மட்டும் கணக்குல நிரப்பி விட்டாப் போராதா? ஆரு பாக்கப் போறா?"

"நிரப்பினாப் பொய்யாயிடும் அண்ணா. அந்தப் பொய்யை நம்பித்தான் அந்தக் கண்ணு கடல்ல ஆளைத் தேடும்."

நூறாண்டுக்கும் முன் இத்தகைய கலத்தை ஆராய்ந்தோர், ஆற்றலை நீர்போல் எவ்வளவும் ஊற்றலாமென்று கருதிக் கணக்கிட்டு, கணக்கும் ஒளியும் ஒவ்வாமல் திகைத்தனர். ஒருவர் மட்டும், மனமொப்பாமலே, அது பொதிபொதியாகவே கைமாறும் என்று கொண்டார், கோடு பொருந்தியது. பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைப்பாருண்டு, நூறு உடைப்பாருமுண்டு, அரைத்தேங்காய் உடைப்பாரில்லை. ஒவ்வொரு பொருளும் தனக்கேற்ற பொதியையே விழுங்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இதை எண்ணிய ஜானவி சட்டென நிமிர்ந்தாள். பள்ளம் விழுந்த இடத்துப் பொதிகளை வாயருகே ஏதோ ஒன்று தின்கிறது!

விளக்கேந்திக் குனிந்து பார்த்தாள். வாயின் உள்விளிம்பில், காய்ந்து வெளிறிய சந்தனப் பொட்டு.

தளவாயின் முகம் வாடிப்போயிற்று. "எல்லா மெஷினுக்கும் வச்சேன் மேடம். இதுக்கு மட்டும் வைக்காம விட மனசு வரல்ல. வெளிய கம்பளி சுத்தியிருந்திச்சு, அதான் வாய்க்குள்ள வச்சேன். நல்லா வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

அவளுக்குச் சினம் வந்தது. அடுத்த நொடியே சிரிப்பும் வந்தது. இருவரும் கலத்தை ஆறவிட்டு, பொட்டைத் துடைத்து, மீண்டும் சூடேற்றிக் காத்திருந்தனர். கோடு எழுந்தது, பள்ளம் விழுந்த இடத்தை யாதொரு தடையுமின்றிக் கடந்து சென்றது. காலையில் நேர்ந்த பிழையையும் மறைக்காது ஜானவி எடுத்துரைக்க, தேர்வாளர் மாலையில் கலத்தை ஏற்றுக்கொண்டனர்.

அவர்கள் சென்றபின், சந்தனக் கிண்ணத்தை எடுத்து, கலம் நின்ற மேசையின் காலில் அவளே ஒரு பொட்டு வைத்தாள்.

"இனிமே இங்க வைங்கோ அண்ணா. வேண்டுதலை மட்டும் மாத்தவேண்டாம்."

அவ்வேளை கடல்மேல் கார் திரண்டுகொண்டிருந்தது. இவ்வாண்டு அம்மழையில் வழிதவறும் மீனவனைத் தேட, பொய் கலவாத கண் ஒன்று இருக்கும்.