பன்னிரண்டேகால்

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சின்னு மூன்றாவது முறையாக அக்காவின் எண்ணை அழுத்தினாள். மணி போனது. போனைக் காதிலிருந்து விலக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் காது கொடுத்தாள். முன்னறையில் யாரோ இருமினார்கள். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வேறு சத்தமே இல்லை.

அக்கா முன்னறையில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தாள். மூன்று மணிக்கு வண்டி வரும். அதற்குள் அந்தப் போன் எங்கே இருக்கிறதென்று சின்னுவுக்குத் தெரிந்தாக வேண்டும்.

மணி போகிறதென்றால் போன் அணைந்துவிடவில்லை. எங்கோ உயிரோடுதான் இருக்கிறது. காலையில் மாமாவிடம் கேட்டபோது, "தெரியல சின்னு. எங்கயாவது கெடக்கும்," என்றார். அப்படிச் சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. மாமா லிஃப்ட் மெக்கானிக். ஆறாம் மாடியில் கழற்றிய திருகாணி எந்தப் பையின் எந்த அறையில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற மனிதர். அவருக்கா பெண்டாட்டியின் போன் இருக்கும் இடம் தெரியாது?

பேச்சு கொடுத்தும் பார்த்தாள். மாமா எப்போதுமே கல்லுளிமங்கன். நேற்றிலிருந்து அதுவும் போய் வெறும் கல்லாகிவிட்டார்.

சந்தேகம் இன்று வந்ததல்ல. மூன்று வாரமாகவே அக்கா காலையில் போனை எடுப்பதில்லை. சின்னு மருந்துக்கடையில் நிற்கிறவள். சீட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு நிமிடம் கிடைத்தால் அக்காவைக் கூப்பிட்டுவிடுவாள். முதலாளி முறைத்தது, விவாகரத்து வழக்கை மறுபடி தள்ளி வைத்தது, மிஞ்சிய சோற்றை என்ன செய்வது, எல்லாமே அக்காவுக்குத்தான். புருஷன் விட்டுப் போன இந்த இரண்டு வருஷத்தில் அக்காவோடு பேசாமல் அவளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. திடீரென்று ஒருநாள், "காலைல வேலை ஜாஸ்திடி. மத்தியானம் பேசலாமா?" என்றாள் அக்கா. அவள் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. பத்து வருஷமாக வராத 'ஜாஸ்தி' இப்போது எங்கிருந்து வந்தது? மாமாதான் வாயைக் கட்டியிருக்கிறார் என்று சின்னு அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

சமையலறையிலிருந்து அக்காவின் வேலை அறைக்குப் போனாள். மேஜை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. அக்காவின் மேஜை அப்படி இருக்காது. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிணுகிணுக்கும் சின்னக் கடிகாரம், அன்றைக்குச் செய்ய வேண்டியதை எழுதிய துண்டுச்சீட்டுகள், செய்து முடித்ததைக் கத்தியால் வெட்டியதுபோல் ஒரே கோட்டில் அடிக்கும் பென்சில். நேரத்தைப் பிடித்துக் கட்டிப்போட அக்கா ஏதாவது ஒரு கயிறு வாங்கிக்கொண்டேதான் இருப்பாள். இப்போது கடிகாரம் மட்டும் இருந்தது. எதிர்ச் சுவரில் நான்கு மூலையிலும் ஒட்டுத்தாள் துணுக்குகள். நடுவில் இருந்த தாளைக் காணோம். கிழித்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து புதிதாக வெளுத்திருந்தது.

"அங்க ஒரு அட்டவணை ஒட்டியிருந்தா." வாசலில் எதிர்வீட்டு டீச்சர் நின்றார், கையில் தேநீரோடு. "குடி. நேத்துலருந்து பச்சத்தண்ணி குடிக்கல நீ."

"யாரு டீச்சர் கிழிச்சா?"

"நான் என்னத்தக் கண்டேன். நேத்து கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு ஒண்ணேகாலுக்குத்தான் வந்தேன். அப்பதான் உங்க மாமாவும் உள்ள ஓடினாரு." குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் வந்துட்டுப் போனதும் உங்க மாமா எதையோ துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாரு. பால்கனிப் பக்கம். இந்த நேரத்துல இதுக்கு என்ன அவசரம்னு தோணுச்சு. தப்பா எடுத்துக்காத."

"எவ்வளவு பெருசு?"

"ஒரு டப்பா அளவுக்கு இருக்கும்."

சின்னு தேநீரை மேஜைமேல் வைத்தாள். காலையில் பார்த்த மருத்துவரின் சான்றிதழ் நினைவுக்கு வந்தது: மாரடைப்பு, காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில். அந்த நேரத்தில் மாமா எங்கே இருந்தார்? வேலையில் என்று அவர்தான் சொன்னார். பன்னிரண்டு நாற்பதுக்கு அவளே அவரைக் கூப்பிட்டு, "அக்கா எடுக்கவே மாட்டேங்கிறா, போய்ப் பாருங்க," என்று கத்தியபோது அவர் குரலுக்குப் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதா? கேட்டதாகவும் இருந்தது, கேட்காததாகவும் இருந்தது.

பால்கனியில் மாமாவின் கருவிப் பை இருந்தது. முன்னறையை எட்டிப் பார்த்தாள். மாமா அக்காவின் காலடியில் நாற்காலி போட்டு, கைகளைத் தொடைமேல் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு இந்த நடிப்பா வராது என்று நினைத்துக்கொண்டே சின்னு பையின் வாரைத் தளர்த்தினாள்.

ஸ்பானர்களுக்கு அடியில் துண்டு இருந்தது. துண்டுக்குள் ஒரு பெட்டி. தெளிந்த பிளாஸ்டிக், தண்ணீர்க் குடத்து மூடிபோல் கனமான வெள்ளை மூடி, மூடியின் நடுவே திருகும் குமிழ், அதில் மணிக்கணக்கு. எதை உள்ளே வைத்தாலும், குறித்த நேரம் முடிகிறவரை மூடி கழலாது. இப்போது நேரம் சுழியத்தில் நின்றிருந்தது. உள்ளே அக்காவின் போன்.

மூடியைச் சுற்றிலும் கீறல்கள். கத்தியோ எதுவோ வைத்து நெம்பியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் பிளாஸ்டிக் சுருண்டு எழும்பியிருந்தது.

மூடியைத் தூக்கினாள். எந்த மறுப்பும் இல்லாமல் வந்துவிட்டது. மணிச்சத்தத்தை அணைத்துவைத்திருந்த போனைத் தொட்டதும் திரை ஒளிர்ந்தது: சின்னு, தவறிய அழைப்புகள் ஒன்பது.

போனுக்கடியில் மூலைகள் கிழிந்த, நான்காக மடித்த தாள். பிரித்தாள். அக்காவின் அச்சடித்தாற்போன்ற எழுத்து.

எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை. போன் பெட்டிக்குள். பன்னிரண்டு: சோறு வைக்க, துணி காயப்போட. பன்னிரண்டேகால்: சின்னு, அரை மணி. ஒன்று: கண்ணுக்குச் சொட்டு மருந்து.

துணிக்கும் சொட்டு மருந்துக்கும் நடுவில் தன் பெயரைச் சின்னு இரண்டு முறை படித்தாள். 'அரை மணி' என்பதை அழித்து, மறுபடி 'அரை மணி' என்றே எழுதியிருந்தது.

பின்னால் பால்கனிக் கதவு நகர்ந்தது.

"அத வை," என்றார் மாமா.

"நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்களா?"

"அவளே வாங்கினா. மூணு வாரம் ஆச்சு."

"பொய் சொல்றீங்க. என்கூடப் பேசக் கூடாதுன்னு நீங்கதான் பூட்டி வச்சிருக்கீங்க. பாருங்க, நெம்பி நெம்பித் தெறக்கப் பாத்திருக்கீங்க. என்ன இருந்துச்சு இதுல? எதுக்கு ஒளிச்சீங்க?"

மாமா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கீழே யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாயத் தெறந்து சொல்லுங்க மாமா!"

"நான் வந்தப்போ பூட்டு தானா விட்டுப் போயிருந்துச்சு," என்றார் கடைசியில். "பன்னெண்டு தாண்டிருச்சுல்ல. அவ தரையில உக்காந்தவாக்குல சாஞ்சு கெடந்தா. பெட்டி மடியில இருந்துச்சு. காய் நறுக்குற கத்தி பக்கத்துல." கம்பியை விட்டுத் திரும்பினார். "ஆளக் கூப்பிடத்தான் போன எடுக்கப் பாத்திருக்கா. வாசலுக்கு வந்திருக்கலாம். கத்தியிருக்கலாம். என்னமோ, போனத்தான் எடுக்கப் பாத்திருக்கா."

சின்னு பெட்டியின் சுவரைப் பார்த்தாள். உள்ளே வைத்தது வெளியே தெரிந்தது, திரையில் ஒளிரும் பெயர்கூட. தன் போனை எடுத்தாள். நேற்றைய அழைப்புகளைப் பின்னோக்கித் தள்ளினாள். பன்னிரண்டு முப்பத்தெட்டு. பன்னிரண்டு இருபது. பதினொன்று ஐந்து. பத்து நாற்பத்தொன்று. பத்து நாற்பது. பத்து முப்பத்தேழு.

பத்து முப்பத்தேழுக்கு என்ன அவசரம் என்று யோசித்துப் பார்த்தாள். கடைக்கு வந்த கிழவர் இருமல் மருந்தைத் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டார். அதைச் சொல்லத்தான்.

"இத யாரும் பாக்க வேணாம்னுதான்," என்றார் மாமா. 'யாரும்' என்ற சொல் வாயிலிருந்து கொஞ்சம் தாமதித்து வந்தது. பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் துண்டில் சுற்றினார். தாளை மட்டும் அவள் விடவில்லை. அவரும் இழுக்கவில்லை.

"என் தொல்லை தாங்காமத்தானே மாமா?"

அவர் பையின் வாரை மாட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"காலைல உன் போன் வந்தா ஒரு பக்கம் திருத்த ஒரு மணி நேரம் ஆகுதுன்னு சொல்லுவா. நெசம்தான். எரிச்சல்கூடப் படுவா. ஆனா நான் வீட்ல இருக்கற நாள்ல, பன்னெண்டேகால் ஆச்சுன்னா என்னைய உள்ள விடமாட்டா. தண்ணி பாட்டில நிரப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழ நாற்காலிய இழுத்துப் போட்டுட்டு உக்காந்துருவா. ஒருநாள் நீ கூப்பிடல. என்னவோ ஏதோன்னு சாப்பிடல."

முன்னறையிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். வண்டி வந்துவிட்டது. மூன்று மணி ஆகவில்லை, சீக்கிரமே வந்திருந்தது.

அக்காவைக் கிடத்திய படுக்கை லிஃப்டில் கிடையாக நுழையாது. சாய்த்து நிறுத்திக் கொண்டுபோகலாம், ஐந்து மாடி இருக்கிறதே என்றான் வண்டிக்காரன்.

"வேணாம்," என்றார் மாமா. "படியிலயே போலாம். மெதுவாப் போலாம்."

நான்கு பேர் தூக்கினார்கள். சின்னு பக்கவாட்டில் கைப்பிடிச் சுவரை ஒட்டி இறங்கினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் தோள் மாற்றக் கீழே இறக்கி வைத்தார்கள். துணி ஒருபக்கம் விலகி அக்காவின் வலது கை வெளியே தெரிந்தது. குளிப்பாட்டியும் போகாமல் நடுவிரலின் நகக்கண்ணில் பிழை திருத்தும் சிவப்பு மை அப்படியே இருந்தது. சின்னு துப்பட்டாவின் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டு குனிந்தாள். ஒருமுறை தேய்த்தாள். பிறகு நிறுத்திவிட்டு, கையை எடுத்துத் துணிக்குள் வைத்து மூடினாள்.

"தூக்கலாமா?" என்றான் வண்டிக்காரன்.

"கொஞ்சம் இருங்க," என்றாள்.

யாரும் அவசரப்படுத்தவில்லை.