டிரைவருக்கு ஜன்னல் சீட்

ஆஸ்பத்திரியின் கடைசி மாடியில், லிஃப்ட்டை விட்டு இறங்கி நீண்ட நடையைத் தாண்டினால் துணி அறை. கிழிந்த படுக்கை விரிப்பு, நாடா அறுந்த ஆபரேஷன் அங்கி, வாய் பிளந்த தலையணை உறை எல்லாம் சலவை முடிந்து அங்கேதான் வந்து குவியும். அவற்றைத் தைத்துத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு ஒரே பெயர்தான், டெய்லரம்மா. பெரிய டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

தையல் மெஷினை ஒட்டி ஒரு ஜன்னல். தண்ணீர்த் தொட்டிகளும் செல்போன் கோபுரங்களும் மொட்டை மாடித் துணிகளும்தான் எப்போதும் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மட்டும் எல்லாவற்றுக்கும் பின்னால் நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் மலை. விடியற்காலையில் கிளம்பினால் சுற்றிப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஊரே சொல்கிற மலை. டெய்லரம்மா போனதில்லை.

"வீட்டுக்காரர் கையில ஸ்டீரிங். உனக்கு மலை எட்டலையாக்கும்" என்பாள் பக்கத்து மேசையில் துணி தேய்க்கும் இஸ்திரி அக்கா.

வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். அவருக்கு லீவு நாளில் சக்கரம் என்று எதையும் பார்க்கப் பிடிக்காது. மகளின் சைக்கிளைக்கூட வாசலிலிருந்து நகர்த்தி வைக்கச் சொல்வார். இருந்தும், மழைக்காலம் முடிந்த சமயம், டெய்லரம்மா மலைப் பேச்சை எடுத்தபோது அவர் மறுக்கவில்லை. "சரி, வர்ற லீவுக்குப் போலாம்" என்றார்.

அந்த லீவு நாள் காலையில் அவள் முட்டை அவித்து, ரொட்டி கட்டி, பிளாஸ்க்கில் டீ ஊற்றி வைத்திருந்தாள். மகள் தலை சீவிக்கொண்டிருந்தாள். டிப்போவிலிருந்து போன் வந்தது. டிரைவர்கள் சிலர் வரவில்லையாம்.

"ஒரே ட்ரிப்தான். போயிட்டு வந்துடறேன், அப்புறம் கிளம்பலாம்" என்று யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு போனார். ஒரு ட்ரிப் இரண்டானது, இரண்டு முழு டூட்டியானது. விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். டெய்லரம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவரே போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

அடுத்த முறை அவளுடைய அண்ணன் காரைத் தருவதாகச் சொன்னார். கிளம்புவதற்கு முந்தின நாள் மலைப்பாதையில் மண் சரிந்து வழியை அடைத்துவிட்டார்கள். அதற்கும் அடுத்த முறை எல்லாம் சரியாக இருந்தது. வானம் வெளுத்திருந்தது, பாதை திறந்திருந்தது, யாரும் போன் செய்யவில்லை. முந்தின ராத்திரி டபுள் டூட்டி முடித்துவிட்டு விடிகாலையில் வந்த டிரைவர், ஷூவைக் கழற்றக் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு ஷூவைக் கழற்றினார். அப்படியே சாய்ந்தவர்தான். டெய்லரம்மா மற்ற ஷூவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, முட்டைகளை ஃபிரிட்ஜுக்குள் வைத்தாள். எழுப்பினால் வந்திருப்பார். எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. கோபப்படவும் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அவள் மலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

அவரே ஒரு நாள் கேட்டார். "என்ன, மலைப் பேச்சையே காணோம்?"

"மலை எங்க போயிடப் போவுது" என்றாள் அவள்.

உண்மையில் அவளுக்கு வேறு கவலை வந்திருந்தது. அவர் தூங்குவதில்லை. களைத்துப்போய்ப் படுப்பார், கண் மூடும், குறட்டைகூட ஆரம்பிக்கும். திடீரென்று வலது கால் வெடுக்கென்று உதறும். எழுந்து உட்கார்ந்துகொள்வார். "கால் இழுக்குது" என்பார். அவள் தைலம் தேய்த்துவிடுவாள். பகலில் படுத்தாலும் அதே கதைதான். அன்றைக்கு ஷூவோடு சாய்ந்தாரே, அதுவும் நீடிக்கவில்லை. அவள் மத்தியானச் சமையலை முடித்துத் திரும்பி வருவதற்குள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் வற்றி, தாடி எடுக்காத நாளில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தார்.

"நம்ம டாக்டர்கிட்டக் காட்டலாமா?"

"காலுக்கு எதுக்கு டாக்டரு? வயசாவுது."

இதையெல்லாம் இஸ்திரி அக்காவிடம் சொன்னபோது, அவள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உன் மூஞ்சியும் அந்த லட்சணத்துலதான் இருக்கு, கண்ணாடியப் பாரு. நீ ஒரு நாள் தனியாவாவது போயிட்டு வா. ஜோடியா வந்தாத்தான் உள்ள விடுவேன்னு மலை சொல்லிச்சா?"

டெய்லரம்மா சிரித்தாள். ஆனால் அன்று வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. வெளியூர் பஸ் நிலையத்துக்குப் போய் விசாரணை ஜன்னலில் நின்றாள். உள்ளே இருந்தவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார். "காலையில ஒரு வண்டி இருக்கும்மா. வியூ பாயின்ட்டுல ஆள இறக்கிவிட்டுட்டு மேல ஊருக்குப் போகும். அங்க கொஞ்சம் நின்னு, அதே வழியாத் திரும்பும். சாயங்காலம் இன்னொரு வண்டியும் உண்டு."

அன்று சாப்பிடும்போது சொன்னாள். "செவ்வாய்க்கிழம உங்களுக்கு லீவு. நான் மலைக்குப் போறேன், பஸ்ல. வர்றதா இருந்தா வாங்க. இல்ல, வீட்ல படுத்துக்கங்க."

"பஸ்லயா?"

"ஆமா. நீங்க ஓட்ட வேணாம்."

"லீவு நாள்லயும் எனக்கு பஸ்ஸுதானா" என்றார். வாய் ஓரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் தலை தூக்காமலே, "போயிட்டு வாங்கப்பா. நான் சாப்பிட்டுக்கறேன்" என்றாள்.

அவர் வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது, தாடி மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றிருந்தார்.

பஸ்ஸில் ஏறியதும் பழக்க தோஷத்தில் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்காரப் போனார். அவள் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "அங்க உக்காந்தா நீங்களும் சேந்து ஓட்டுவீங்க." நடுவில் ஒரு சீட் கிடைத்தது. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். அந்த இடத்துக்காகத்தான் அவள் அவ்வளவு சீக்கிரம் கிளம்பி வந்ததே.

நகரம் கழிவதற்கே வெகுநேரம் பிடித்தது. குடோன்கள், பாதி கட்டிய பாலங்கள், லாரி நிற்கும் வெட்டவெளிகள் எல்லாம் போய், பாதை மேலே திரும்பியது. முதல் வளைவிலேயே அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அடுத்த வளைவிலும் அழுத்தியது. முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது.

"பிரேக் போடறீங்களா?"

"அவன் கியர மாத்தறதே சரியில்ல."

அவள் எழுந்தாள். "இப்படி வாங்க. ஜன்னல்ல உக்காந்து வெளிய பாருங்க. ரோட்டப் பாக்காதீங்க."

"உனக்குத்தானே ஜன்னல்..."

"நகருங்கன்னா."

அவர் நகர்ந்தார். முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. இரண்டு வளைவு வரைக்கும் மரங்களைப் பார்த்தார். மூன்றாவதில் கண் சொக்கியது. அப்புறம் தலை ஜன்னல் கம்பியில் இடித்து, அங்கிருந்து நழுவி அவள் தோளுக்கு வந்தது. டெய்லரம்மா அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது உதறும், இப்போது உதறும் என்று. உதறவில்லை. பஸ் குலுங்கி, ஹாரன் அடித்து, எதிரே வந்த லாரிக்காகப் பின்னால் போய், மறுபடி ஏறியது. அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. தோள் மரத்துப்போயிற்று. அவள் அசையவில்லை.

மலை அவர் தலைக்கு அந்தப் பக்கம் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது.

"வியூ பாயின்ட் எல்லாம் இறங்கு" என்றார் கண்டக்டர்.

அவள் கையை உயர்த்தி அவரைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் கேட்டாள். "வண்டி மேல போயிட்டு இதே வழியாத்தானே வரும்?"

"ஆமாம்மா."

டெய்லரம்மா கணவரின் முகத்தைப் பார்த்தாள். எழுப்ப வேண்டும், இல்லையென்றால் தானும் இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷமும் செய்ததைப் போல இறங்காமலேதான் உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் பையை அவர் தலைக்கு முட்டுக் கொடுத்தாள். அதிலிருந்து ஒரு முட்டையையும் உப்புப் பொட்டலத்தையும் மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இவர எழுப்ப வேணாங்க. திரும்பி வரும்போது இங்க இறக்கிவிட்டுடுங்க. நான் இங்கயே நிக்கிறேன். மேல போற வரைக்கும் என்ன டிக்கெட்டோ குடுங்க. இவரும் பஸ் டிரைவர்தான்."

கண்டக்டர் அவரைக் குனிந்து பார்த்தார். "டிரைவரா? அப்பத் தூங்கட்டும்" என்றார். அவள் இறங்கியதும் விசில் ஊதாமல், கம்பியை உள்ளங்கையால் தட்டி வண்டியை எடுக்கச் சொன்னார்.

இரும்புக் கம்பி வேலி, அதை ஒட்டி சிமென்ட் பெஞ்சு. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை, வெறும் ஆழம். ஆழத்துக்குப் பிறகு பச்சை, அதற்கும் பிறகு சாம்பல் நிறத்தில் அழுக்குத் துணியை விரித்துப்போட்ட மாதிரி நகரம். அதில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கும் என்று தேடினாள். தெரியவில்லை. பெரிதாக ஏதோ தோன்றும் என்று நினைத்திருந்தாள். தோன்றியதெல்லாம் அலுப்புத்தான். எலும்பு வரைக்கும் ஊறிப்போன அலுப்பு. இவ்வளவு நாளும் அதை உட்கார்ந்து கவனிக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு குடும்பம் படம் எடுத்துத் தரச் சொன்னது, எடுத்துக் கொடுத்தாள். முட்டையை உரித்து, உப்பைத் தொட்டு, நிதானமாகச் சாப்பிட்டாள். யாருக்கும் பங்கு வைக்கத் தேவையிருக்கவில்லை. அது அவளுக்குப் புதிதாக இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. பிறகு பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிற்று. மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் திரும்பி வந்தபோது அவர் பையோடு படிக்கட்டிலேயே நின்றிருந்தார். வண்டி நிற்குமுன் குதித்தார். முகம் வீங்கி, கண் சிவந்திருந்தது.

"என்ன விட்டுட்டு இறங்கிட்ட."

"ஆமா. நல்லாத் தூங்கினீங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"முழிச்சுப் பாத்தா வண்டியில ஒருத்தருமில்ல. மேல ஊர்ல நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. நான்தான் ஓட்டிட்டு வந்தேன், தூங்கிட்டேன், ஜனங்க எல்லாம் என்ன ஆச்சோன்னு முன்னால ஓடினேன். ஸ்டீரிங்கப் பிடிச்சு நிக்கிறேன். அந்தப் பையன், அந்த டிரைவரு, டீக்கடையிலருந்து ஓடி வந்து, 'என்னண்ணே, என்ன வேணும்'ங்கறான்."

"கெட்ட கனவா?"

"கனவில்ல" என்றார். "நான் ஒரு நாள் தூங்கிட்டேன். ஓட்டிக்கிட்டே. கண்ண மூடித் தொறந்தா வண்டி எதிர்ப்பக்கம் போயிட்டிருக்கு. நிக்க எடமில்லாத கூட்டம். பிரேக்க மிதிச்சேன். யாருக்கும் ஒண்ணுமில்ல. நாலு பேரு திட்டினாங்க, அவ்வளவுதான். கண்டக்டர்கூட நாய் குறுக்க வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டான். அதுலருந்து கண்ண மூடினா கால் தானா மிதிக்குது."

"எப்ப?"

"லீவுல டிப்போவுக்குக் கூப்பிட்டாங்கல்ல. மொதல் தடவ நாம கிளம்ப இருந்த அன்னிக்கு."

அன்றைக்கு அவருக்குத் தட்டு எடுத்து வைக்காதது அவள் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி அவர் சமாதானம் சொல்லி, அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பில்லை.

"டிப்போல சொல்லிடுங்க."

"சொன்னா வண்டியிலருந்து இறக்கிடுவாங்க."

"இறக்கட்டும். உங்க வண்டியிலதான் நம்ம குட்டியும் ஸ்கூலுக்குப் போறா."

அவர் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. அடுத்த வண்டி வரும் வரைக்கும் இரண்டு பேரும் அந்த வெள்ளைக்குள் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும்போது அவர் தூங்கவில்லை. காலும் சும்மா இருக்கவில்லை.

மறுநாள் அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு டிப்போவுக்குப் போனாள். மேனேஜர் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே சத்தம் கேட்டது. முதலில் மேனேஜர் கத்தினார். ஆள் இல்லை, ஆள் இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் கணவர் தணிந்த குரலில் வெகுநேரம் பேசுவது கேட்டது. வெளியே வந்த அவர், "முழுசாச் சொல்லிட்டேன்" என்றார். ஆஸ்பத்திரியில், அவளிடம் அங்கி தைக்கக் கொடுக்கும் டாக்டர் ஒருவர் அவரைப் பரிசோதித்து, கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். டிப்போவில் டயர் எண்ணும் இடத்தில் உட்கார வைத்தார்கள். சம்பளம் குறைந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவர் விட்ட ட்ரிப்பெல்லாம் அவர்கள் தலையில்தானே விழுகிறது. தூக்கம் ஒரேயடியாகத் திரும்பி வரவில்லை. ஒரு ராத்திரி தூங்குவார், இரண்டு ராத்திரி உட்கார்ந்திருப்பார். அவளும் கூடவே விழித்திருந்துவிட்டுக் காலையில் மெஷினில் உட்காருவாள். ஒரு தடவை தலையணை உறையின் வாயையே சேர்த்துத் தைத்துவிட்டாள். இஸ்திரி அக்கா அதை எல்லோரிடமும் காட்டிச் சிரித்தாள்.

மறுபடி அவரை வண்டியில் ஏற்றியபோது டபுள் டூட்டி கிடையாது என்று டாக்டர் கண்டிப்பாக எழுதியிருந்தார். பகல் வண்டி மட்டும்.

ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய வண்டிதான் வந்தது. உட்கார இடமில்லை. டெய்லரம்மா முன்படியில் ஏறி, இன்ஜின் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றாள். கால் கடுத்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"குட்டிக்கு முழுப் பரீட்ச முடிஞ்சதும் மூணு பேருமா ஒரு தடவ மலைக்குப் போயிட்டு வரலாமா?"

"பாக்கலாம்" என்றாள். "இப்ப பச்ச விழுந்துடுச்சு, வண்டிய எடுங்க."