அன்புராஜுக்குக் காது குத்து

எங்கள் மாவட்டத்தில் தாயை இழந்த குன்றுகளை வளர்க்கக் கொடுக்கிறார்கள். பிள்ளையில்லாத நானும் என் மனைவி செண்பகவல்லியும் ஒன்று கேட்டிருந்தோம். பங்குனியில் ஒரு நாள் காலை கொண்டுவந்து விட்டார்கள். குழந்தைகள் நலத் துறை எஸ்தர் மேடம் ஸ்கூட்டரில் முன்னால் வர, அது தெரு ஓரமாகவே பின்னால் நடந்து வந்தது. அதன் தாய் இப்போது பல ஊர்களில் சமையல் மேடையாக இருக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் அடுக்களை மேடையைச் செண்பகவல்லி பழைய சேலை போட்டு மூடினாள்.

மேடம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கொல்லைக்குக் கூரை இல்லாதது அவருக்குத் திருப்தி.

"ஆடு வச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க மேடம்."

"ஒண்ணு வாங்கி விடுங்க. பிள்ளைக்கு முதுகு அரிக்கும்."

வாங்கினேன். குன்றுக்கு அன்புராஜ் என்று பெயர் வைத்தோம். மூன்று ஆள் உயரம், நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவு கிடையாது. தொந்தரவெல்லாம் ஊரால்தான். சும்மா ஒரு மேடு கண்ணில் பட்டுவிட்டால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. கட்சிக்காரர் கொடிக்கம்பத்தோடு வந்தார். இன்னொருவர் வேல் நடலாம் என்று சிமென்ட் மூட்டையோடு வந்தார். உங்கள் பிள்ளை தலையில் போய் நடுங்களய்யா என்று இரண்டு பேரையும் விரட்டினேன்.

ஒரே கவலை, அன்புராஜ் பேசவில்லை. குன்றுப் பிள்ளைகள் கூப்பிட்டதைத் திருப்பிச் சொல்லும். அதுதான் அவற்றின் பேச்சு. செண்பகவல்லி தினமும் கொல்லையில் நின்று "அன்பூ" என்பாள். கூப்பிட்ட குரல் உள்ளே போகும். திரும்பி வராது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

ஆவணியில் வந்தபோது மேடம் வாய்விட்டே சொல்லிவிட்டார். "தைக்குள்ள பேசலைன்னா, பிள்ளை உங்ககிட்ட ஒட்டலைன்னு அர்த்தம். காப்பகத்துக்குத்தான் அனுப்பணும்."

"அங்க யாரு மேடம் பாத்துக்குவாங்க?"

"தத்து எடுக்க ஆள் வருவாங்க. கல்லு உடைக்கிற கிரஷர் வச்சிருக்கவங்கதான் நிறைய வர்றாங்க."

அன்று இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

செண்பகவல்லியின் தம்பி பால்பாண்டிக்கு விஷயம் போனது. அவன் பைக்கை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்தான். "ஏன்க்கா, பிள்ளைக்கு ஒரு மொட்டை உண்டா, காதுகுத்து உண்டா? செய்ய வேண்டியதச் செய்யாம ஒட்டலை ஒட்டலைன்னா எப்படிக்கா ஒட்டும்? தாய்மாமன் நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்ல?"

ஐப்பசியில் நாள் பார்த்தோம். மொட்டையை ஆடே அடித்துவிட்டது. பந்தலில் ஜமுக்காளம் விரித்துப் பால்பாண்டி சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அன்புராஜ் கூச்சத்தோடு வந்து மாமன் மடியில் ஏறி அமர்ந்தான். "கனமாத்தான் வளத்திருக்கீங்க மாமா" என்றான் பால்பாண்டி. பட்டு வேட்டி கசங்கியதில் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆசாரி காது மடலைத் தடவிப் பார்த்தார். ஊசி இறங்காது என்றார். தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், இதற்கெல்லாம் அவரிடம் மிஷின் உண்டு என்று போன் போட்டார். சற்று நேரத்தில் குவாரியிலிருந்து ஒரு கம்ப்ரசர் டிராக்டர் வந்து பந்தல் வாசலில் நின்றது. துளை போடுகிறவர் குளித்து, விபூதி பூசி, மரியாதையாகத்தான் வந்திருந்தார். மிஷினை ஓட விட்டார்.

அன்புராஜ் நடுங்கினான். பொடிக்கற்கள் உதிர்ந்து பால்பாண்டியின் மடியில் விழுந்தன. எங்கே ஒளிவது என்று தெரியாமல், அவ்வளவு பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு செண்பகவல்லியின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பெற்றவளிடமிருந்து அவன் கடைசியாகக் கேட்டது அதுதான்.

செண்பகவல்லி சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று முந்தானையோடு அவனை அணைத்துக்கொண்டு அலறினாள்.

"நிப்பாட்டுங்கய்யா!"

"நிப்பாட்டுங்கய்யா!" என்றான் அன்புராஜ்.

தெரு முழுக்கக் கேட்டது. மிஷின் நின்றது. துளை போடுகிறவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். ஆசாரி கடுக்கனை அரக்கு வைத்து ஒட்டினார். செண்பகவல்லி அழுதுகொண்டே "அன்பூ" என்றாள். "அன்பூ" என்றான். "சாமீ" என்றாள். "சாமீ" என்றான். நான் ஒரு ஓரமாகப் போய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஏன் மறைக்க வேண்டும், நானும் அழுதேன்.

எஸ்தர் மேடம் பந்தியில் இருந்தார். இலையை மூடிவிட்டு எழுந்து வந்தார். "இனிமே இவன் உங்க பிள்ளை. யாரும் வந்து கேக்க முடியாது" என்றார்.

அப்போது யாரும் கூப்பிடாமலேயே அன்புராஜ் ஒன்று சொன்னான்.

"பாப்பா எங்க?"

மேடம் கைப்பையைச் சரிசெய்துகொண்டார். "இவனுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா. ஓடை. அந்த அம்மாவுக்குப் பிறந்ததுதான். நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுல விட்டிருக்கோம். பாவம், டிரம்முலயே வச்சு வளக்குறாங்க."

செண்பகவல்லி என்னைப் பார்க்கக்கூட இல்லை. "கூட்டிட்டு வாங்க மேடம்" என்றாள்.

மேடம் ஸ்கூட்டரை எடுத்தார். பால்பாண்டி ஜமுக்காளத்தைச் சுருட்டினான். நான் வாசலுக்குப் போய், விருந்தாளிகளின் செருப்புகளை எல்லாம் பொறுக்கி மாடிப்படியில் அடுக்கினேன். சின்னப் பிள்ளை, அண்ணனைப் பார்க்க ஓடி வரும் வேகத்தில் எதையாவது அடித்துக்கொண்டு போய்விடும்.